கோள்நெறி கண்ட கெப்ளர்

வட்டம் குறைவற்ற வடிவம் என்பர். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை; மையத்தினின்று எப்பக்கம் அளப்பினும் அளவு ஒன்றே. ஆதலின் விண்ணிற் செல்லும் கோள்கள் வட்ட நெறியிலன்றிப் பிறிதொரு நெறியிற் செல்லா என்று கிரேக்க நாட்டு அறிஞர் காலந்தொட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மேனாட்டார் நம்பி வந்தனர். அந்நம்பிக்கை பிழையென்று காட்டிக் கோள்களின் வழி நீள்வட்டமே என நிலைநாட்டியவர் யோகான்னஸ் கெப்ளர் என்னும் செருமானியப் பேரறிஞர். அவருடைய வரலாற்றை யாம் அறிந்த அளவிற் சுருக்கி ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு வானநூலில் என்ன வேலை என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் எம்மை நகைத்தல் கூடும். ஒருவர் தாம் உயிரினும் மேலாக விரும்பிய கருத்தை உண்மையின் பொருட்டுக் கைவிட்ட வரலாறு எவ்வகுப்பினர்க்கும் பொதுவாதலின் எம் துணிவைப் பொறுத்தருள்வாராக.

பிறப்பும் கல்வியும்

செருமானிய நாட்டின் தென்பகுதியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிறு நகரில் 1571-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் கெப்ளர் பிறந்தார். அந்நாள் அப்போஸ்தலனாகிய யோவானின் திருநாள். குழந்தைக்கும் அப்பெயரே இடப்பட்டது. யோகான்னஸ் என்பது யோவான் என்னும் பெயரின் இலத்தீன் வடிவமாம். திங்கள் நிரம்பாது பிறந்தமையின் மிக மெலிந்த உடலினராய் இருந்தார். தந்தையார் கூலிப்படை வீரர். பிறர் போர்களிற் பொருது திரிந்த அவர், கெப்ளர் இளைஞராயிருக்கும்போதே வீட்டைவிட்டுச் சென்று மீளாதொழிந்தார். தாயார் காத்தரீனா சத்திரம் நடத்திய ஒருவருடைய மகளார். சிறுபருவத்தில் வந்த வைசூரி நோய் கெப்ளருடைய கண்ணொளியைக் குறைத்ததோடு கைகளையும் பழுதாக்கிற்று. விண்மீனை நோக்கக் கண்ணும், கருவியைப் பிடிக்கக் கையும் செவ்வையாய் அமையாத ஒருவர் வானநூலாரிற் தலைசிறந்து விளங்கினார் என்பது வியப்பிற்குரியதே.

1577-ஆம் ஆண்டு பெரியதொரு வால்மீன் தோன்றிற்று. தாயார் ஆறு வயதுகூட நிரம்பாத மகனை மேட்டிடத்திற்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். 1580-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தையும் அவர் கண்டார். இவ்விரு காட்சிகளும் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

வூர்ட்டம்பர்க் நாட்டுக் கோமகனார், எளிய குடியிற் பிறந்த அறிவுடைய சிறுவர்களைத் தம் செலவிற் கற்பித்துச் சபைக் குருமாராக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அவ்வுதவியாற் கெப்ளர் மௌல்ப்ரான் முதலிய மடப்பள்ளிகளிற் பயின்று, 1589-இல் துபிங்கன் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே கணித ஆசிரியராயிருந்த மிகேல் மேஸ்ட்லின் என்பவர், உலகமே நடுவில் நிற்பதென்னும் பழங்கொள்கையோடு, ஞாயிறே நடுவில் நிற்பதென்று 1543-இல் கொப்பர்நிக்கஸ் வெளியிட்ட புதுக்கொள்கையையும் மாணவர்க்கு விளக்கினார். கெப்ளர் அக்கணமே புதுக்கொள்கையைத் தழுவினார். எனினும் அவர் விருப்பமெல்லாம் குருத்தொழிலின்மேலேயே இருந்தது. 1594-இல் ஆஸ்திரியாவைச் சார்ந்த கிராட்ஸ் நகரப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் ஒருவர் வேண்டுமென ஆள் தேடியபோது, பல்கலைக்கழகத்தார் கெப்ளரை அனுப்பினர். பிரசங்க மேடைக்கென்று ஆயத்தமான இளைஞர் கணக்குப் பலகையின்முன் நிற்க நேர்ந்தது. அவர் வருந்தியே சென்றார். கடவுளுடைய படைப்பின் ஒழுங்கை ஆராய்ந்து காட்டுவதும் அவருக்கு மகிமை செலுத்தும் ஊழியமே என்று பின்னர்த் தேறினார்.

ஐந்து உருவங்கள்

கிராட்ஸில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணித்து வருபலன் எழுதுவதும் அவருடைய கடமையாயிற்று. 1595-ஆம் ஆண்டிற்கு அவர் கூறிய கடுங்குளிரும் துருக்கர் படையெடுப்பும் அவ்வாறே நிகழவே நகரத்தார் அவரைக் கொண்டாடினர். சோதிடத்தின் பெரும்பகுதியைக் கெப்ளர் மதிக்கவில்லை. ஆயினும் குடும்பம் காக்க அதனை வாழ்நாளெல்லாம் விடாது செய்துவந்தார் என்பதை மறைத்தல் ஆகாது.

அக்காலத்தில் அறியப்பட்ட கோள்கள் உலகோடு கூட ஆறு. கோள்கள் ஏன் ஆறாயின, ஏழாகவோ நூறாகவோ ஏன் ஆகவில்லை என்று கெப்ளர் வினவினார். 1595 ஜூலைத் திங்களில் ஒருநாள் மாணவர்க்குப் பாடம் சொல்லும்போது அவருக்கு ஒரு கருத்துத் தோன்றிற்று. எல்லாப் பக்கங்களும் ஒத்த கன உருவங்கள் ஐந்தே உள. ஆறு கோள்களின் இடையே உள்ள இடைவெளிகளும் ஐந்தே. ஆகவே இவ்வைந்து உருவங்களையும் ஒன்றனுள் ஒன்றாக வைத்தே ஆண்டவர் உலகத்தை அமைத்தார் என்று கொண்டு, 1596-இல் ஒரு நூல் எழுதினார். இக்கருத்து முற்றும் பிழை. 1781-இல் யுரேனஸும் 1846-இல் நெப்டியூனும் காணப்பட்டபோது ஆறு என்னும் கணக்கே அழிந்தது. ஆயினும் அந்நூலைக் கண்ட டைக்கோ பிராஹி என்னும் தேனிய நாட்டுப் பிரபு, எழுதியவர் கூரிய அறிவினர் என்று உணர்ந்தார். ஒரு பிழையே அவரைப் பேருண்மைக்கு வழிநடத்திற்று எனலாம்.

டைக்கோவும் செவ்வாயும்

டைக்கோ பிராஹி, தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில், ஹ்வென் என்னும் தீவில் மாபெருங் கருவிகளை நிறுவி, இருபது ஆண்டுகள் இரவுதோறும் கோள்களின் இடங்களை அளந்து குறித்தவர். மன்னனோடு மனம் வேறுபட்டுத் தாய்நாட்டை விட்டு நீங்கிப் பிராக் நகரில் இரண்டாம் ருடால்ப் பேரரசரை அடைந்திருந்தார். கெப்ளரோ கிராட்ஸில் இடருற்றார். அந்நாட்டுக் கோமகன் சீர்திருத்தச் சபையாரை வெளியேற்றத் தொடங்கினான். உரோமச் சபையைச் சேர்ந்தால் இருக்கலாம், இல்லையேல் நாட்டை விட்டு நீங்குக என்பதே கட்டளை. கெப்ளர் நீங்கினார். 1600-ஆம் ஆண்டு மனைவியோடும் சிறிது பொருளோடும் டைக்கோவிடம் வந்து சேர்ந்தார்.

டைக்கோ தம் குறிப்புகளை எளிதிற் காட்டுபவர் அல்லர். செவ்வாய் ஒன்றை மட்டும் கெப்ளரிடம் ஒப்புவித்தார். ஏனைக் கோள்களினும் அதுவே கணக்கிற்கு அடங்காது திரிந்தது. எட்டு நாளில் முடித்துவிடுவேன் என்று கெப்ளர் வீறு கூறினார். முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின! இடையில் 1601 அக்டோபர் 24-ஆம் நாள் டைக்கோ இறக்க, கெப்ளரே பேரரசரின் கணித வல்லுநராக அமர்ந்தார்.

செவ்வாயைக் கெப்ளரிடம் விட்டது ஆண்டவரின் ஏற்பாடு என்றே அவர் கருதினார். அதன் உண்மையை இன்று நாம் நன்கறிவோம். வெள்ளியின் வழி வட்டத்தினின்றும் சிறிதே மாறுபட்டது. அவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படாது. புதனின் வழி மிக நீண்டதாயினும் அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்து திரிவது. செவ்வாய் ஒன்றே தெளிவாய்க் காணத்தக்கதாகவும் வட்டத்தினின்று போதிய அளவு விலகியதாகவும் அமைந்தது. ஞாயிற்றுக்கு அண்மையில் அது சுமார் 20 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர்த் தொலைவிலும், சேய்மையில் சுமார் 24 கோடியே 90 லட்சம் கிலோமீட்டர்த் தொலைவிலும் செல்கின்றது.

எட்டுக் கலை

கெப்ளர் முதலில் முன்னோர் முறையையே பின்பற்றினார். ஞாயிறு மையத்தினின்று சற்றே விலகி நிற்கும் வட்டம் ஒன்றை அமைத்து, எழுபது முறை கணக்கிட்டார். இறுதியில், ஞாயிற்றுக்கு நேரெதிரே செவ்வாய் தோன்றும் நாள்களிலெல்லாம் கணக்கும் காட்சியும் 2 கலைக்குள் ஒத்தன. பிறர் எவரும் அத்துடன் அமைந்திருப்பர். கெப்ளரோ அக்கணக்கு செவ்வாயின் தொலைவையும் சரியாகக் காட்டுமோ என்று மீண்டும் சோதித்தார். காட்டவில்லை. தொலைவுக்கு இயைய வட்டத்தின் மையத்தைத் திருத்தியபோது, செவ்வாய் நிற்கும் இடம் 8 கலை தவறிற்று.

ஒரு பாகையில் அறுபதில் ஒரு கூறு ஒரு கலை. முழுமதியின் குறுக்களவு ஏறத்தாழ 30 கலை. ஆகவே கெப்ளர் கண்ட வேறுபாடு மதியின் அகலத்திற் கால்பங்கு அளவே ஆம். பழைய வானநூலார் 10 கலை வேறுபாட்டைப் பிழையென்றே கருதார். ஆனால் டைக்கோவின் அளவுகள் 8 கலை தவறமாட்டா என்பதைக் கெப்ளர் அறிவார். இறந்துபோன அம்முதியவர் கடுங்குளிர் இரவுகளில் விழித்திருந்து உண்மையாகவே அளந்தார் என்று நம்பியதால், தாம் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுப்பிய கட்டடத்தைத் தாமே இடித்தார். எம்மைக் கேட்பின், கெப்ளர் வாழ்க்கையில் இதனினும் பெரிய நாள் பிறிதில்லை என்போம். நீள்வட்டத்தைக் கண்ட நாள் இதற்குப் பிற்பட்டதே.

நீள்வட்டம்

அதன்பின் அவர் செய்தது அருமையான ஒரு சூழ்ச்சி. செவ்வாய் 687 நாளில் ஞாயிற்றை ஒருமுறை சுற்றும். ஆகவே 687 நாள் இடைவிட்டு எடுத்த இரண்டு குறிப்புகளில் செவ்வாய் விண்ணில் ஒரே இடத்தில் நிற்கும். நம் உலகமோ இரண்டு ஆண்டு நிரம்ப இன்னும் 43 நாள் குறைவாதலின் வேறிடத்தில் நிற்கும். இருவேறு இடத்தினின்று ஒரே மரத்தை நோக்கி அதன் தொலைவை அளக்கும் நில அளவையாரைப்போல, டைக்கோவின் குறிப்புகளைக்கொண்டு முதலில் உலகின் வழியையும் பின்னர்ச் செவ்வாயின் வழியையும் அவர் அளந்தார்.

இம்முயற்சியில் முதற்கண் வெளிப்பட்டது கோளின் வேகத்தைப் பற்றிய விதி. கோள் ஞாயிற்றை அணுகும்போது விரைந்தும், அகலும்போது தாழ்த்தும் செல்கின்றது. ஞாயிற்றினின்று கோளுக்கு ஒரு கோடு இழுத்தால், அக்கோடு ஒத்த காலத்தில் ஒத்த பரப்பையே கடக்கும். இதன் விளைவை நாமும் நாள்காட்டியிற் காணலாம். மார்ச்சு 21 முதல் செப்டம்பர் 23 வரை 186 நாள். மற்றப் பாதிக்கு 179 நாளே. சனவரியில் உலகம் ஞாயிற்றுக்கு அண்மையில் விரைந்தோடுவதே காரணம்.

வழியின் வடிவமோ எளிதில் அகப்படவில்லை. செவ்வாயின் வழி இருபுறமும் வட்டத்தினின்று உள்ளொடுங்கிற்று என்பது தெளிவாயிற்று. முட்டை வடிவென்று ஓராண்டிற்கு மேல் உழன்றார். அம்முட்டையைக் கணக்கிடுதற்கு எளிய துணையாக நீள்வட்டத்தையே பயன்படுத்திக்கொண்டிருந்தும், அதுவே விடையென்று அவருக்குத் தோன்றவில்லை. ஆரையை 1,00,000 கூறாக்கினால் அவ்வொடுக்கம் 429 கூறு என்று கண்டார். அதே எண்ணை வேறொரு கோணத்தின் கணக்கிலும் தற்செயலாய்க் கண்டபோதுதான் விழித்தெழுந்தவர்போல் ஆனார். எனினும் அதன்பின்னும் ஒருமுறை வழிதவறியே, 1605-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டி, வழி நீள்வட்டமே என்று முடிவு கண்டார்.

நீள்வட்டம் யாதெனின் கூறுதும். தரையில் இரண்டு முளைகளை அடித்து, அவற்றைச் சூழத் தளர்வாக ஒரு கயிற்று வளையத்தை இட்டு, ஒரு குச்சியால் அதனை இறுக்கி இழுத்துக்கொண்டே சுற்றிவரின் உண்டாகும் வடிவமே நீள்வட்டம். முளை நின்ற இடங்கள் குவியங்கள் எனப்படும். ஞாயிறு ஒரு குவியத்தில் நிற்கின்றது. மற்றதில் ஒன்றும் இல்லை. இரு முளைகளும் ஒன்றாயின் நீள்வட்டமே வட்டமாம். டைக்கோவின் சுற்றத்தாரோடு குறிப்புகளின் உரிமைபற்றி எழுந்த வழக்குகளால் தாமதித்து, 1609-இல் புதிய வானநூல் என்னும் பெயரோடு இவ்விரு விதிகளும் வெளிவந்தன.

துன்பமும் மூன்றாம் விதியும்

1611-ஆம் ஆண்டு கெப்ளருக்குக் கொடிய ஆண்டு. ஆறு வயது மகன் வைசூரியால் இறந்தான். மனைவி பார்பராவும் அவ்வாண்டே இறந்தார். பேரரசரும் பிராக்கில் முடியிழந்தார். 1612-இல் கெப்ளர் லின்ஸ் நகரையடைந்து மீண்டும் ஆசிரியரானார். அங்கே அவருக்கு நேர்ந்த துன்பத்தை எழுத எம் கை கூசுகின்றது. கிறிஸ்துவின் திருவுடல் எங்கும் நிறைந்துள்ளது என்னும் கோட்பாட்டை அவரால் முழுமனத்தோடு ஒப்ப இயலவில்லை. ஆதலின் சபையின் விசுவாசப் பத்திரத்தில் வரையறையின்றிக் கையொப்பமிட மறுத்தார். அவருடைய சொந்தச் சபையின் குருவே அவரைத் திருவிருந்தினின்று விலக்கினார். மேலிடத்தாரும் அதனை உறுதிசெய்தனர். உரோமச் சபைக்கு மாற மறுத்து நாடிழந்தவர், தம் சபையிலும் பந்தி இழந்தார். அவர் ஒருவரையும் வெறுக்கவில்லை. தம் சபையை விட்டு நீங்கவும் இல்லை.

1613-இல் சூசன்னா என்னும் பெண்ணை மணந்தார். திருமணத்தை ஒட்டித் திராட்சரசப் பீப்பாய்களை வணிகன் ஒரு கோல் இட்டு அளந்த முறை அவருக்கு வியப்பளிக்க, பீப்பாயின் கொள்ளளவைக் கணிக்கும் நூலொன்று 1615-இல் எழுந்தது. பின்வந்த நுண்கணிதத்திற்கு அது முன்னோடியாயிற்று. 1617, 1618 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இரு சிறு பெண்மக்கள் இறந்தனர். அத்துயரின் நடுவே கோள்களின் இசைவைத் தேடி, 1618 மே 15-ஆம் நாள் மூன்றாம் விதியைக் கண்டார். கோள் சுற்றும் காலத்தின் இருமடிப் பெருக்கம், அதன் தொலைவின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஒத்து நிற்கும் என்பதே அது. வியாழன் உலகினும் 5.2 மடங்கு தொலைவில் உள்ளது. மும்மடிப் பெருக்கம் சுமார் 140.6. அது சுற்றும் காலம் 11.86 ஆண்டு, இருமடிப் பெருக்கம் சுமார் 140.7. இவ்வாறு எல்லாக் கோள்களும் ஒரே விதிக்கு அடங்குகின்றன. இதனை அவர் கண்ட எட்டாம் நாளில் பிராக் நகரில் முப்பதாண்டுப் போருக்குத் தொடக்கமான கலகம் மூண்டது.

அக்காலத்திலேயே அவருடைய தாயார்மீது சூனியக்காரி என்னும் பழி சுமத்தப்பட்டது. 1620-இல் எழுபதைக் கடந்த அம்மூதாட்டியைச் சங்கிலியிட்டுச் சிறைவைத்தனர். பேரரசரின் கணித வல்லுநர் தம் வேலைகளை நிறுத்தி, வூர்ட்டம்பர்க் சென்று, சாட்சியங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுப்புரை வகுத்தார். கொலைக்களத்துக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் தாயார் பொய் கூறி ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்கு திங்கள் சிறையிருந்து 1621 அக்டோபரில் விடுதலை பெற்றார். மறு ஆண்டு மறைந்தார். செவ்வாயின் கணக்கில் எட்டுக் கலையை விடாத நெஞ்சு தாயின் வழக்கிலும் ஒரு பொய்யை விடவில்லை.

வட்டமாகாமைக்குக் காரணம்

கோள்கள் நீள்வட்டத்திற் செல்லும் என்று கண்ட கெப்ளர், ஏன் அவ்வாறு செல்கின்றன என்பதையும் தேடினார். ஞாயிறு காந்தம் போன்ற ஓர் ஆற்றலாற் கோள்களைச் சுழற்றுகின்றது என்றார். இது தவறாயினும், கோள்களின் இயக்கத்திற்கு ஞாயிற்றிலேயே காரணம் தேடவேண்டும் என்று முதற்கண் வற்புறுத்திய பெருமை அவரதே. உண்மையான விடையை 1687-இல் நியூட்டன் வெளியிட்டார். தொலைவு இரட்டித்தால் ஈர்ப்பு நாலிலொன்றாகக் குறையும் என்னும் ஒரே விதியினின்று, கெப்ளரின் மூன்று விதிகளும் கணக்கின் வழியே தாமாகப் பிறத்தலைக் காட்டினார்.

அதனை எளிதிற் கூறின் இவ்வாறாகும். நம் உலகம் இருக்கும் தொலைவில், ஞாயிற்றுக்குக் குறுக்காக நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பொருளை எறிந்தால் அது வட்டத்திற் செல்லும். வேகம் சற்றுக் குறைந்தால் ஞாயிற்றை நோக்கி இறங்கும். இறங்க இறங்க வேகம் மிகும். அவ்வேகமே அதனை மீண்டும் வெளியே வீசும். சற்று மிகுந்தால் வெளியே ஏறும். ஏற ஏற வேகம் குன்றித் திரும்பும். இரண்டும் நீள்வட்டமே. 42 கிலோமீட்டரைக் கடந்தாலோ அப்பொருள் என்றும் திரும்பாது. ஆகவே வட்டத்திற்கு ஒரே வேகமும் ஒரே திசையும் வேண்டும். எஞ்சிய எண்ணிறந்த வேகங்களும் திசைகளும் நீள்வட்டத்தையே தரும். தற்செயலாய் ஒரு கோள் வட்டத்தில் அமைந்தாலும் ஏனைக் கோள்களின் ஈர்ப்பு அதனைக் குலைத்துவிடும். அங்ஙனமாயின் நம் கோள்களின் வழிகள் வட்டத்திற்கு அண்மையில் இருப்பது எதனால்? ஞாயிற்றைச் சூழ்ந்து சுழன்ற வளியும் தூளும் ஒன்றோடொன்று மோதித் தம் வேறுபாடுகளைத் தேய்த்துக்கொண்ட பின்னரே அவற்றினின்று கோள்கள் உருவாயின என்பர் இக்கால ஆராய்ச்சியாளர். அத்தகைய தேய்வுக்கு உட்படாத ஹாலி வால்மீனோ மிக நீண்ட வழியிற் செல்கின்றது. 1986-இல் வந்து சென்ற அது 2061-இல் மீண்டும் வரும்.

இறுதி

டைக்கோவின் குறிப்புகளைக்கொண்டு கோள்களின் இடங்களை முன்கூட்டிக் காட்டும் வாய்பாடுகளைக் கெப்ளர் 1627-இல் ஊல்ம் நகரில் அச்சிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் லின்ஸ் நகர முற்றுகையின்போது அச்சகம் தீப்பற்றி எரிந்ததும் அவரைத் தடுக்கவில்லை. பேரரசர்கள் அவருக்குத் தரவேண்டிய சம்பளப் பாக்கி மிகப் பெருகிக் கிடந்தது. அதனைக் கேட்டுப் பெறும் பொருட்டு ரீகென்ஸ்பர்க் நகர்க்குக் குதிரைமேற் சென்றவர், காய்ச்சலுற்று 1630 நவம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தெட்டு. அவர் அடக்கம் செய்யப்பெற்ற கல்லறைத் தோட்டமும் போரில் அழிந்தது.

மறு ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் புதன் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் என்று அவர் கணித்திருந்தார். அன்று பாரிசு நகரில் கசெண்டி என்னும் அறிஞர் அதனைக் கண்ணாரக் கண்டார். கணித்தவர் காண இல்லை. அவர் பெயர் தாங்கி 2009-இல் விண்ணிற் சென்ற தொலைநோக்கி, 2018-இல் ஓயும் வரையில், வேறு விண்மீன்களைச் சுற்றும் 2,600-க்கு மேற்பட்ட கோள்களைக் காட்டிற்று. அவையும் அவர் கண்ட விதிகளின்படியே சுழல்கின்றன.

மாணவ நண்பர்களே! நமக்கும் ஆய்வுக்கூடத்திலும் ஏட்டிலும் எட்டுக் கலை போன்ற சிறு வேறுபாடுகள் எதிர்ப்படுகின்றன. கணக்கை விடைக்கு இணங்கத் திருத்துவதும், உரையைத் தம் கொள்கைக்கு இசைய வளைப்பதும் எளிய செயல். கெப்ளர் வட்டத்தை விரும்பினார். ஆயினும் ஆண்டவர் எவ்வாறு படைத்தாரோ அவ்வாறே அறிதலை அதனினும் மிகுதியாக விரும்பினார். அவ்விருப்பத்தை ஆண்டவர் நமக்கும் அருள்வாராக.